பொய் தேடிய வாரம்

திங்கட்கிழமை காலை, தாய்மொழி வகுப்பு முடியப்போகும் நேரத்தில், இங்கெரி டீச்சர் மேசை விளிம்பில் ஏறி உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்தால் ஏதோ வேலை வைக்கப்போகிறார் என்பது ஏழு பி வகுப்புக்குத் தெரியும். பையை மூடிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

"மூணு வாரமா என்ன படிச்சோம்?"

"பொய்ச் செய்தி."

"எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"யார் சொல்றாங்க, அவங்களுக்கு எப்படித் தெரியும், சொன்னா அவங்களுக்கு என்ன லாபம்," என்று பாதி வகுப்பு ராகம் போட்டது.

"நல்லது. இனிமே போன்ல வர்றதை மட்டும் சந்தேகப்பட்டா போதாது. இந்த வாரம் உங்க டீச்சர்கள்ல ஒருத்தர் பாடம் நடத்தறப்போ வேணும்னே ஒரு பொய் சொல்வாங்க. யாருன்னு சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை இதே நேரம் நீங்க எனக்குச் சொல்லணும். 'எனக்குத் தோணுச்சு'ன்னு சொன்னா செல்லாது. ஆதாரம் வேணும்."

கடைசி வரிசையில் ஓக்கோ கையைத் தூக்கினான். நெட்டையான பையன். அவன் உட்கார்ந்தால் முழங்கால் மேசையை முட்டும். "டீச்சர், நீங்க இப்போ சொல்றதே பொய்யா இருந்தா?"

"அதையும் விசாரி," என்றார் இங்கெரி.

வகுப்பு சிரித்தது. ஆனால் அன்றைக்கே சிரிப்பு மாறிவிட்டது. வரலாற்று வகுப்பில், போர் முடிந்த குளிர்காலத்தில் பின்லாந்து மக்கள் தங்கள் கையிலிருந்த மார்க் என்ற அந்நாளைய பணத்தின் பெரிய நோட்டுகளைக் கத்தரியால் பாதியாக வெட்ட வேண்டியிருந்தது, அரசாங்கமே அப்படிச் செய்யச் சொன்னது என்று ஆசிரியர் சொன்னதும், ஓக்கோ எழுந்து நின்றுவிட்டான்.

"நோட்டை வெட்டினா அது கிழிஞ்ச நோட்டு. எந்தக் கடைக்காரன் வாங்குவான்?"

"இடது பாதியை வாங்குவான். பாதி விலைக்கு," என்றார் ஆசிரியர் அமைதியாக.

"சரி சரி, பாக்கலாம்," என்றான் ஓக்கோ. அவன் சொன்ன விதத்தில், விசாரணைக்கு வந்த போலீஸ்காரன் மாதிரி ஒரு இழுப்பு இருந்தது. சாயங்காலம் ஊர் அருங்காட்சியகத்துக்கே போய், கண்ணாடிக்குள் பாதி நோட்டு ஒன்று இருப்பதைப் பார்த்து, முகம் தொங்கிப் போய்த் திரும்பினான்.

அவனோடு கூடப் போனவள் சைமி. வகுப்பில் ஓக்கோவோடு சண்டை போடாமல் பத்து நிமிடம் இருக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான். சைமி அதிகம் பேச மாட்டாள். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விட மாட்டாள். அருங்காட்சியகத்துக் காவலாளியிடம், "இது நிஜ நோட்டுதானா, நகலா?" என்று கேட்டவள் அவள்தான்.

செவ்வாய்க்கிழமை சமையல் வகுப்பு. ரொட்டி மாவு பிசையும் பாடம். சிர்க்கு டீச்சர் குள்ளமாக, கன்னம் சிவந்து, எந்நேரமும் மாவுக் கையோடு இருப்பார். ஈஸ்ட்டோடு உப்பை முதலிலேயே நிறையக் கொட்டினால் மாவு உப்புவது மந்தமாகிவிடும் என்றார் அவர். உடனே நாலு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சோதனை பண்ணலாமா?" என்றான் ஓக்கோ.

"தாராளமா."

இரண்டு கிண்ணம் வைத்தார்கள். ஒன்றில் உப்பை அள்ளிப் போட்டான். இன்னொன்றில் போடவில்லை. "ரெண்டையும் மேல அலமாரியில வெச்சு கதவைச் சாத்துங்க. வெளிச்சம் பட்டா மாவு எழும்பாது," என்றார் சிர்க்கு. எல்லாரும் அவற்றோடு தங்கள் மாவுக் கிண்ணங்களையும் ஈரத்துணியால் மூடி, இருட்டு அலமாரிக்குள் பத்திரமாக வைத்தார்கள். கதவைத் திறந்தபோது உப்புக் கிண்ணம் சுருங்கிக் கிடந்தது. இன்னொன்று துணியைத் தள்ளிக்கொண்டு எழுந்திருந்தது. சிர்க்கு சொன்னது சரி. ஓக்கோ அடுப்பிலிருந்து எடுத்த சூடான ரொட்டியைத் தின்றபடியே, "இவங்க இல்லை. இவங்களை விட்டுடலாம்," என்றான்.

புதன்கிழமைக்குள் பள்ளிக்கூடமே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மீனை அறுத்துக் காட்டிக்கொண்டிருந்த உயிரியல் ஆசிரியர், அதன் செவுள் மூடியில் இருக்கும் வளையங்களை எண்ணி அதன் வயதைச் சொல்லலாம் என்றபோது, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மூன்று குரல்கள் கேட்டன. "நான் சொன்னா எனக்கு என்ன லாபம்னும் கேளுங்களேன்," என்று அவர் கத்தியை வைத்துவிட்டார். இடைவேளையில் ஈரப்பனி கொட்டும் முற்றத்தில் நின்று ஆளாளுக்கு மற்றவர்களைக் கிளறினார்கள். உனக்கு விடை தெரியும், மறைக்கிறாய் என்று சண்டை போட்டு இரண்டு சிநேகிதிகள் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள்.

புதன் மதியம் மரவேலை வகுப்பு.

மரவேலை ஆசிரியர் வோய்ட்டோவை எல்லாருக்கும் பிடிக்கும். ஐம்பது வயதிருக்கும். அகலமான தோள், மரத்தூள் ஒட்டிய தாடி. அவர் சொல்வதில் எது விளையாட்டு, எது நிஜம் என்று யாருக்கும் தெரியாது. முதல் நாளே விரலை மடக்கிக் காட்டி, ரம்பம் தின்றுவிட்டது என்று ஒரு பெண்ணை அழ வைத்தவர் அவர். ஆகவே ஓக்கோ அன்றைக்கு வரும்போதே கையைத் தேய்த்துக்கொண்டு வந்தான்.

"இன்னிக்குத்தான்டி. பாரு. இவர்தான்," என்றான் சைமியிடம்.

வகுப்பு தொடங்கியதும் வோய்ட்டோ மெஷின்களை ஓட விடவில்லை. எல்லாரையும் பெரிய பெஞ்சைச் சுற்றி நிற்கச் சொன்னார். குருவிகள் கூடு கட்ட மரத்தில் மாட்டும் குருவிப் பெட்டிகள் பாதி முடிந்த நிலையில் பெஞ்சின் மேல் வரிசையாகக் கிடந்தன. அவர் ஒன்றை எடுத்து, கட்டை விரலால் அதன் ஓரத்தைத் தடவினார்.

"இதை நீங்க வேற ஒருத்தரோட முடிக்கணும். வெள்ளிக்கிழமையோட நான் போறேன். என் கண்ணு கெட்டுப்போச்சு. மெஷின் பக்கத்துல பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு நிக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

 அப்புறம் ஓக்கோ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "பிடிச்சிட்டோம்!" என்று கத்தினான். வகுப்பு முழுக்க வெடித்தது. பெஞ்சைத் தட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள்.

வோய்ட்டோ குழப்பத்தோடு சுற்றிலும் பார்த்தார். "என்னத்தைப் பிடிச்சீங்க?"

"பொய்யை! இங்கெரி டீச்சர் சொன்ன பொய்! நீங்கதான்னு எனக்கு அப்பவே தெரியும்!"

 வோய்ட்டோ குருவிப் பெட்டியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. சைமி அவருக்கு நேர் எதிரே நின்றிருந்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அப்படியா," என்றார் வோய்ட்டோ. "சரி. நிரூபிங்க பாக்கலாம்."

வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் சைமி சொன்னாள், "அவருக்கு விளையாட்டைப் பத்தி முன்னாடியே தெரியாத மாதிரி இருந்துச்சு."

"நடிக்கிறார்டி. அதானே அவரோட வேலை. நாளைக்கு நான் நிரூபிக்கிறேன் பாரு."

வியாழக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் வழக்கம்போலப் பட்டாணி சூப். வோய்ட்டோ ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓக்கோ மொறுமொறு ரொட்டிப் பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனான். பாக்கெட்டின் பின்பக்கம் எறும்பு மாதிரி எழுத்து.

"வோய்ட்டோ சார், இதுல எள் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்களேன். எனக்குப் படிக்கவே முடியல."

வோய்ட்டோ பாக்கெட்டை வாங்கினார். கண்ணாடி கூடப் போடவில்லை. "கம்பு மாவு, தண்ணி, ஈஸ்ட், உப்பு. எள்ளும் லேசாக் கலந்திருக்கலாம்," என்று ஒரே மூச்சில் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஓக்கோ திரும்பி நடந்து வந்தபோது அவன் முகத்தில் விளக்கு எரிந்தது. "கேட்டியா? கண்ணு கெட்டுப்போச்சாம்! எனக்கே தெரியாத எழுத்தைப் படிக்கிறார்!"

 சைமி இன்னும் ஜன்னலோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வோய்ட்டோ பால் தம்ளருக்குக் கையை நீட்டினார். தம்ளர் தட்டுக்கு வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி இருந்தது. புறங்கை பட்டு அது சாய்ந்து, மேசை முழுக்கப் பால் ஓடியது. அவர் அவசரமாகச் சுற்றிலும் பார்த்துவிட்டு, காகிதத்தால் துடைத்தார்.

"அதைப் பாத்தியா?"

"நாம பாக்கறோம்னு தெரிஞ்சு வேணும்னே தட்டிவிட்டாரு," என்றான் ஓக்கோ. "நான் படிக்கச் சொன்னதும் மாட்டிக்கிட்டோம்னு புரிஞ்சிருக்கும். உடனே பாலைக் கொட்டறார். கெட்டிக்காரர்."

அதுவும் நம்பக்கூடியதாகத்தான் இருந்தது. சைமிக்கு எரிச்சல் வந்தது. ஒரே ஆள் எறும்பு எழுத்தைப் படிக்கிறார், கை எட்டும் தூரத்துத் தம்ளரைப் பார்க்கவில்லை. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். பால் பொய்யா, பாக்கெட் பொய்யா? பாக்கெட்டில் ஏமாற்ற முடியாது. அப்படியானால் பால்தான்.

அவருடைய நீலக் கார் ஞாபகம் வந்தது. சில வாரங்களாக அது பள்ளியின் கார் நிறுத்தத்தில் இல்லை. வேறெங்கோ மறைத்து வைத்திருப்பார் என்று ஓக்கோ சொல்லியிருந்தான். அவர் போய்க் காரில் ஏறி ஓட்டிக்கொண்டு போவதை ஒருத்தர் கண்ணால் பார்த்துவிட்டால் விஷயம் முடிந்தது. வேறு ஆதாரமே வேண்டாம்.

கடைசி மணி அடித்தபோதே வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. சைமி சைக்கிள் கொட்டகையின் பின்னால் நின்றாள். வோய்ட்டோ தோள் பையோடு வெளியே வந்தார். வாசல் விளக்கின் கீழே வரை சாதாரணமாக நடந்தார். விளக்கு வெளிச்சம் முடியும் இடத்தில் நின்றார். நின்றவர் நகரவில்லை.

யாருக்காகவோ காத்திருக்கிறாரா? சைமி கொட்டகைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தன்னைப் பார்த்துவிட்டாரோ, அதனால்தான் காரை நோக்கிப் போகாமல் நிற்கிறாரோ என்று ஒரு சந்தேகம். ஆனால் அவர் அவள் பக்கமே திரும்பவில்லை. ஒரு காலை முன்னால் வைத்து, தரையைத் தேய்ப்பது போல மெதுவாக நகர்த்தினார். பிறகு அடுத்த கால். பனிச்சேற்றில் அப்படியே தேய்த்துத் தேய்த்துப் பள்ளியின் வெளிக்கதவு வரை போனார். கதவுக்கு வெளியே சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம்.

யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும் ஒருவர் யாருக்காக இப்படி நடிப்பார்?

அந்த எண்ணம் முடிவதற்குள் இடப்பக்கத்திலிருந்து பால் வேன் ஒன்று வந்தது. விளக்கு எரிய, நல்ல வேகத்தில். வோய்ட்டோ நேரே பார்த்துக்கொண்டு சாலையில் காலை வைத்தார்.

"நில்லுங்க!"

அவர் அப்படியே நின்றார். வேன் சேற்றை வாரியடித்துக்கொண்டு அவர் முன்னால் போனது. டிரைவர் ஹாரனை அழுத்தியபடியே போனான்.

"யாரு அது?"

"நான்தான். சைமி."

"எங்கே இருக்கே?"

அவள் ஓடி வந்து அவருக்குப் பக்கத்திலேயே, ஒரு கை தூரத்தில், மூச்சு வாங்க நின்றிருந்தாள். அவர் தலையை முழுவதும் திருப்பிய பிறகுதான் அவர் கண் அவள் மேல் விழுந்தது. இருட்டில் ஆள் தெரிவதற்காக அவள் கோட்டில் தொங்கிய பிரதிபலிப்பு அட்டை தெருவிளக்கில் மின்னியது.

"நீயும் நிரூபிக்க வந்தியா?" என்றார்.

சைமிக்கு அழுகை வந்தது. அழவில்லை. "காரை எங்க வெச்சிருக்கீங்கன்னு பாக்க வந்தேன்."

"வித்துட்டேன். போன மாசம்." அவர் கையைக் குழாய் மாதிரி மடித்து ஒரு கண்ணில் வைத்துக் காட்டினார். "இப்படித்தான் தெரியுது. நேரா இருக்கறது எல்லாம் நல்லாத் தெரியும். உங்க ஓக்கோ கொண்டுவந்த பாக்கெட்டை நாள் பூரா படிப்பேன். பக்கத்துல இருக்கறது எதுவும் கிடையாது. இருட்டிட்டா சுத்தம். அந்தக் குழாயும் சின்னதாகிட்டே வருது."

அவள் அவர் முழங்கையைப் பிடித்தாள். இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்தார்கள். பஸ் நிறுத்தக் கூரையின் கீழே வேறு யாருமில்லை.

"அப்போ ஏன் நிரூபிங்கன்னு சொன்னீங்க? உண்மைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நாங்க சிரிச்சிருக்கவே மாட்டோமே."

வோய்ட்டோ பெஞ்சில் உட்கார்ந்து தாடியைச் சொறிந்தார். "திங்கட்கிழமை நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். உங்க விளையாட்டு என்னன்னே எனக்குத் தெரியாது. அந்தப் பையன் கத்தினதுக்கு அப்புறம்தான் புரிஞ்சுது." தோள் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ஒரு வாரமா அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயந்துக்கிட்டிருந்தேன். சொல்லிட்டேன். நீங்க எல்லாரும் பொய்யின்னு சிரிச்சீங்க. அந்த ரெண்டு நிமிஷம் எனக்கே அது பொய்யா இருந்துச்சு, சைமி. எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? கலைக்க மனசு வரல."

பஸ் வந்தது. ஏறும் முன் அவர் சொன்னார், "நாளைக்கு அவங்க என்னைப் பத்திப் பேசறப்போ நீ எதுவும் சொல்லணும்னு இல்லை. சொன்னாலும் தப்பில்லை. உன் இஷ்டம்."

வெள்ளிக்கிழமை இங்கெரி டீச்சர் மேசை விளிம்பில் உட்கார்ந்ததும் ஓக்கோ கூப்பிடாமலே முன்னால் வந்தான். அவன் தயாராக வந்திருந்தான். புதன்கிழமை வோய்ட்டோ என்ன சொன்னார், வியாழக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் என்ன நடந்தது, எழுத்து எவ்வளவு சின்னது, பார்த்தவர்கள் யார் யார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். உண்மையிலேயே நன்றாகச் சொன்னான். எதையும் கூட்டவில்லை.

இங்கெரியின் முகம் மாறிக்கொண்டே வந்ததை அவன் கவனிக்கவில்லை. சைமி கவனித்தாள்.

"அது பொய் இல்லை," என்றாள் சைமி, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"ஏய், என்னடி நீ? பாலையா சொல்றே?"

"நேத்து அவர் வேனுக்கு முன்னாடி காலை வெச்சாரு. வெளிச்சம் போட்டுக்கிட்டு வந்த வேன். அவருக்குத் தெரியல. நான் பக்கத்துல நின்னேன். நானும் தெரியல."

"எறும்பு எழுத்து தெரியுது, வேன் தெரியலையா? உன்னையும் ஏமாத்திட்டாரு."

"நேரா இருக்கறது மட்டும்தான் தெரியும், ஓக்கோ. பக்கத்துல இருக்கறது தெரியாது. நீ பாக்கெட்டை நேரா நீட்டினே."

ஓக்கோ இங்கெரியைப் பார்த்தான். அவர் மேசையிலிருந்து இறங்கி நின்றிருந்தார்.

"உங்ககிட்ட தானே நேர்ல சொல்லணும்னு வோய்ட்டோ தலைமை ஆசிரியர்கிட்டக் கேட்டிருந்தார்," என்றார். "அதனாலதான் உங்க வீட்டுக்கெல்லாம் இன்னும் தகவல் போகல. இன்னிக்கு மதியம் போகுது. அவர் புதன்கிழமை சொல்லிட்டார்னு தெரியும். நீங்க எப்படி எடுத்துக்கிட்டீங்கன்னு எனக்குத் தெரியாது. அவர் சொல்லல."

யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. ஓக்கோவின் காது சிவந்தது.

"அப்போ பொய் எது?" என்றான். 

"மாவு எழும்ப இருட்டு வேணும்னு சிர்க்கு சொன்னாங்க. மாவுக்கு வெளிச்சமும் ஒண்ணுதான், இருட்டும் ஒண்ணுதான். எல்லாரும் அலமாரியில வெச்சுக் கதவைச் சாத்தினீங்க."

வேறு நாளாக இருந்தால் கூரை பறந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை.

"நீங்கதான் சந்தேகப்படச் சொன்னீங்க," என்றான் ஓக்கோ. "நான் எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சேன். கண்ணு கெட்டுப்போச்சுன்னாரு. படிக்கக் கொடுத்தேன். படிச்சாரு. இதுல நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீ தப்பு பண்ணல," என்றார் இங்கெரி. "திங்கட்கிழமை ஆசிரியர் அறையில நான் எல்லார்கிட்டயும் விளையாட்டைச் சொன்னேன். அவர் அன்னிக்கு இல்லை. அப்புறம் அவர்கிட்டச் சொல்லணும்னு நினைச்சேன், விட்டுப்போச்சு. அது என்மேல." அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணைத் துடைக்காத மாதிரி துடைத்தார்.

கடைசி வகுப்பு மரவேலை. சைமி போனபோது எல்லாரும் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். நடைபாதையில் கிடந்த முக்காலிகளையெல்லாம் யாரோ சுவரோரம் ஒதுக்கியிருந்தார்கள். பேச்சு மூச்சில்லை. உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் மட்டும்தான். வோய்ட்டோ வாசலில் நின்று காதைத் தீட்டினார்.

"என்ன, யாராவது செத்துப்போயிட்டாங்களா?"

ஒருத்தி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "முழுசாப் போயிடுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது. போகலாம். மெதுவாத்தான் போகுமாம்."

"வலிக்குமா?"

"இல்லை. வலிச்சா முன்னாடியே கண்டுபிடிச்சிருப்பேன்."

அப்புறம் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். கனவில் எப்படித் தெரியும், இனிமேல் என்ன வேலை செய்வார், வழிகாட்ட நாய் கொடுப்பார்களா. அவர் பெஞ்சில் சாய்ந்து நின்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். ஓக்கோ மட்டும் எதுவும் கேட்கவில்லை. மூலையில் நின்று, ஏற்கெனவே வழவழப்பான ஒரு பலகையை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

மணி அடித்தது. குருவிப் பெட்டிகளை அலமாரியில் வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் வோய்ட்டோவுக்கு நேர் எதிரே வந்து நின்று விடைபெற்றுப் போனார்கள். சைமி கோட்டை மாட்டிக்கொண்டு திரும்பினாள். ஓக்கோ துடைப்பத்தை எடுத்து, பெஞ்சின் அடியில் குவிந்த மரச்சுருள்களைக் கூட்டத் தொடங்கியிருந்தான்.

"யாரு இன்னும் போகல?" என்றார் வோய்ட்டோ.

"நான்தான், ஓக்கோ. இன்னிக்குக் கூட்டற முறை என்னோடது."

முறை சைமியுடையது. அவள் ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். உள்ளே வோய்ட்டோ, "அப்போ முறத்தை நான் பிடிக்கிறேன், நேரா கொண்டுவா," என்று சொல்வது கேட்டது.